நிற்காமல் போன வண்டி

தௌபோவிலிருந்து கடலுக்கு இறங்கும் சாலையைப் பனி மூடிவிட்டது என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். வடக்கே பள்ளத்தாக்குச் சாலையில் முந்தாநாளே மண் சரிந்திருந்தது. மிச்சம் காட்டு வழி ஒன்றுதான்.

ரிபெகா மனசுக்குள் கணக்குப் போட்டாள். டோக்கொரோவாவிலிருந்து ஒன்பதுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு முருபாரா. அதற்கப்புறம் தார் கிடையாது, ஜல்லிப் பாதை. இரண்டரைக்கு ஏரி, நாலுக்கு வைரோவா, நாலே முக்காலுக்கு மாஹியா. ஜூலை இங்கே குளிர்காலம், ஐந்து மணிக்குச் சூரியன் விழுந்துவிடும். விழுந்த பிறகு எந்த மராயும், குலத்தார் கூடும் எந்த முற்றமும், ஓர் உடலை வாசலுக்குள் கூப்பிடாது. கால் மணி நேரம் கையில் இருந்தது. வழியில் எங்கும் நிற்காமல் போனால் மட்டும்.

வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி, பாய் விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்துக் கட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் அப்பா. பக்கத்தில் மெத்தை போட்டு மாகெரே அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு ஐந்து வயது மூத்தவள். வழியில் அவரைத் தனியாக விடக் கூடாது. மற்றவர்கள் முந்தின நாளே, சாலை மூடுவதற்கு முன்பே, மாஹியாவுக்குப் போய் அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

"டேய் எருவேரா, உன் மக ஓட்டுற லட்சணத்தைப் பாத்தியா? உசுரோட இருந்திருந்தா இப்பவே போயிருப்பே" என்றாள் அத்தை, பெட்டியைத் தட்டி.

"அத்தை, பேசாம வாங்க."

"உங்கிட்ட பேசல. எந்தம்பிகிட்ட பேசுறேன்."

ரிபெகா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உங்கம்மா பக்கத்துல என்றார். மாஹியாவில், கடலைப் பார்த்த மேட்டில், அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் ஏழு வருஷமாக ஓர் இடம் காலியாக இருந்தது. ரிபெகா சரி என்று சொல்லியிருந்தாள். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. அன்றைக்கு எல்லாச் சாலையும் திறந்திருந்தது.

காட்டு வழியில், முருபாராவுக்கு அப்பால் இரண்டு மணி நேரத்தில், ஆற்று வளைவில் ஒரு மராய் இருக்கிறது. அப்பா ஒன்பது வயது வரை அங்கே வளர்ந்தார். குழந்தை பறிகொடுத்த ஒரு உறவுக்காரிக்கு, பிறந்த கையோடு கொடுத்திருந்தார்கள். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அப்பா அதற்குமேல் பேசியதில்லை. ஆனால் வளர்த்தவர்களுக்கும் உரிமை உண்டு. அவர்கள் எழுந்து நின்று, இவன் எங்கள் பிள்ளை, இங்கேதான் படுக்க வேண்டும் என்று கேட்கலாம். அம்மாவின் அக்கா புருஷன், பெரியப்பா, செத்தபோது அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றரை நாள் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பேசினார்கள். பாட்டு, சண்டை, அழுகை, மறுபடி சண்டை. கடைசியில் பெரியப்பா கடலோரத்துக்கு வரவே இல்லை. மலையடிவாரத்தில் புதைத்தார்கள். பெரியம்மா வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ரோட்டோருவா தாண்டி, பள்ளங்களிலிருந்து ஆவி எழும் நிலம் வந்தது. வேலிக் கம்பத்துக்கடியில்கூடப் புகைந்துகொண்டிருந்தது. கந்தக வாடை வண்டிக்குள் வந்தது. பிறகு பைன் காடு, ஒரே உயரம், ஒரே இடைவெளி, முக்கால் மணி நேரம். முருபாராவில் பெட்ரோல் போட்டாள். வண்டிக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அவள் இருபதடி தள்ளிப்போய் நின்று ஒரு காகிதக் கோப்பைத் தேநீரை அவசரமாகக் குடித்தாள். கையைக் கழுவினாள். திரும்பி வந்தபோது அத்தை போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்ட பேசுனீங்க?"

"மாஹியாவுக்கு. கிளம்பிட்டோம்னு சொன்னேன்."

"ஆத்து வளைவுல நிக்கப் போறதில்ல, அத்தை."

அத்தை பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டிமேல் இருந்த இலை வளையத்தைச் சரி செய்தாள்.

"நின்னா இருட்டிடும். இருட்டிட்டா அங்கதான் ராத்திரி. ராத்திரி தங்கினா காலைல கேப்பாங்க. கேட்டா..."

"கேட்டா?"

"எனக்குப் பதில் சொல்லத் தெரியாது."

"அப்ப கேக்காமலே போயிட்டா நல்லதுங்கிற."

"அப்படித்தான்."

"சரி. வண்டிய எடு" என்றாள் அத்தை.

தார் முடிந்ததும் டயருக்கடியில் சத்தம் மாறியது. பைன் போய், உண்மையான காடு வந்தது. மரம் மேல் மரம், பாசி மேல் பாசி, குடை விரித்த பெரணிகள். ஒரு பக்கம் ஈரப் பாறை. மறு பக்கம் ஒன்றுமில்லை, கீழே ஆறு. மூடுபனி இறங்கி வந்து கண்ணாடியில் ஒட்டியது. ரிபெகா ஜன்னலை ஏற்றினாள்.

அப்பா என்றால் இறக்கியிருப்பார். டோக்கொரோவாவில் பனிமூட்டம் விழுந்த காலைகளில், காகித ஆலைக்குக் கிளம்பும் முன், வீட்டின் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவார். அம்மா போர்வைக்குள்ளிருந்து திட்டுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் ஆறு வளைந்தது. முதலில் புகை தெரிந்தது. அடுத்துச் சிவப்புக் கூரை. அதற்கடுத்து வாசல்.

வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். கறுப்பு உடையில் பெண்கள் முன்னால், தலையில் பச்சை இலை வளையம். குடை பிடிக்கவில்லை. மழைத் தூறல் அவர்கள் தோளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. வெகுநேரமாக நிற்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது.

இவர்களுக்கு எப்படித் தெரியும்?

நின்றுவிட வேண்டும் என்று ரிபெகாவுக்குத் தோன்றியது. கால் பிரேக்கின்மேல் இருந்தது. அழுத்தவில்லை. நடுவில் நின்ற ஒரு வயதான பெண் வாயைத் திறந்தாள். உடலை உள்ளே கூப்பிடும் குரல் எழுந்தது. நீளமாக, நடுங்காமல், வண்டியை நோக்கி வந்தது. ரிபெகா முன்னால் இருந்த ஜல்லியை மட்டும் பார்த்தாள். வேன் வாசலைத் தாண்டியது. குரல் பாதியில் நின்றது. நின்ற இடம் காதில் அப்படியே இருந்தது.

பின்னால் அத்தை ஒன்றும் பேசவில்லை. தம்பியிடம்கூடப் பேசவில்லை.

மூன்று வளைவு தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு பழைய டிரக் நின்றது. பக்கத்தில் மரம் அறுக்கும் இயந்திரம் கிடந்தது. சரிந்து விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்த ஆள் போலிருந்தது. ஐம்பது வயது இருக்கும். கையில் வயர்லெஸ் வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர் வேனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். வண்டியை நகர்த்தவில்லை.

ரிபெகா கண்ணாடியை இறக்கினாள். "வழி விடுங்க. நேரமாகுது."

"தெரியுது" என்றார் அவர். "எங்கம்மா வர்றாங்க. நீங்க தாண்டி வந்தது அவங்களைத்தான்."

"என்னைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்ல."

"நான் எங்க தடுத்தேன்? மரம் விழுந்து கிடக்கு. அறுக்கணும். மெதுவாத்தான் அறுப்பேன்."

கண்ணாடியில் பின்னால் ஒரு காரின் விளக்கு தெரிந்தது. முன்னால் டிரக், பின்னால் கார், இடப்பக்கம் பள்ளம். ரிபெகா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று இருபது.

காரிலிருந்து அந்த வயதான பெண் இறங்கினாள். குட்டையான உருவம். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். நிதானமாக நடந்து வந்தாள். ரிபெகாவைப் பார்க்கவில்லை. வேனின் பின் ஜன்னலருகில் நின்று, கண்ணாடியில் கையை வைத்து, உள்ளே பெட்டியைப் பார்த்தாள். அதன் பிறகுதான் முன்னால் வந்தாள்.

"நீதான் எருவேரா மகளா?"

"ஆமா."

"நான் ஹினெகுரா. உங்கப்பா தலையில பேன் பாத்தது நான்தான், எனக்கு ஆறு வயசு, அவனுக்கு ஒம்பது. எங்கம்மாதான் அவனை வளத்தா."

ரிபெகா தலையசைத்தாள்.

"பதினோரு மணிலேருந்து நிக்கிறோம். என் மருமக இடுப்பு வலின்னு உக்காரல. நீ பாத்தே. நான் பாத்தேன் நீ பாத்ததை. ஏன் நிக்கல?"

இருட்டிவிடும் என்று சொல்லலாம். சாலை என்று சொல்லலாம். ரிபெகா வாயைத் திறந்தாள். அந்தப் பொய்கள் நாக்குக்கு வரவில்லை.

"பயந்துட்டேன்" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்க கேப்பீங்கன்னு. கேட்டா நீங்க ஜெயிச்சிடுவீங்கன்னு."

டிரக்காரர் தரையைப் பார்த்தார். ஹினெகுராவின் முகம் மாறவில்லை. ஆனால் ஏதோ ஒன்று இளகியது போலிருந்தது.

"ஜெயிப்போம்னு நெனச்சியா? பரவால்ல. யாரும் கேக்காத பொணம்னு நெனச்சு ஓட்டிட்டுப் போறியோன்னு பாத்தேன்." அவள் குரல் கரகரத்தது. "ஆனா ரெண்டாவது தடவை இது. முன்னயும் உங்க வண்டி நிக்கல."

"எந்த வண்டி?"

வேனின் பின்கதவு திறந்தது. மாகெரே அத்தை கம்பைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். சேற்றில் செருப்பு புதைந்தது. ஆளில்லாமல் போகக் கூடாதென்று, பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடியே நின்றாள்.

"அவளுக்குத் தெரியாது, ஹினெகுரா" என்றாள். "நான் சொல்லல. அவனும் சொல்லல."

"நீ போன் பண்ணினப்ப இதைச் சொல்லுவேன்னு நெனச்சேன்."

ரிபெகா திரும்பினாள். "நீங்களா சொன்னீங்க இவங்களுக்கு?"

"நான்தான். முருபாராவுல வெச்சு." அத்தை அவளைப் பார்க்கவில்லை. "எனக்குப் பதினாலு வயசு. எங்கப்பா திடீர்னு போயிட்டாரு. வீட்டுல வேற ஆம்பளப் புள்ள இல்ல. சித்தப்பா லாரி எடுத்தாரு. வாடி, உன் முகத்தைப் பாத்தா பையன் வருவான்னு என்னையும் ஏத்திக்கிட்டாரு. இங்க வந்தப்ப எல்லாரும் மேல உருளைக்கிழங்குத் தோட்டத்துல இருந்தாங்க. பையன் மட்டும் ஆத்தோரமா விளையாடிட்டு இருந்தான். சித்தப்பா தூக்கி லாரில போட்டாரு. யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல."

மழை சற்றுப் பலத்தது. யாரும் நகரவில்லை.

"அவன் கத்தினான். நான் அவன் வாயைப் பொத்தினேன். இந்தக் கையாலதான். கடிச்சான்." அத்தை கையை நீட்டிக் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு. ரிபெகா சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். மீன் முள் குத்தியது என்றுதான் கேள்வி. "உங்கம்மா, ஹினெகுரா, மேலேருந்து ஓடி வந்தா. கையில மண்வெட்டி. நான் பாத்தேன். வண்டி நிக்கல."

ஹினெகுரா நெடுநேரம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"அம்மா அப்புறம் இருபது வருஷம் இருந்தா" என்றாள். "லாரி சத்தம் கேட்டா வெளிய வருவா."

மணி ஒன்று நாற்பது. இப்போது கிளம்பினால்கூட மாஹியாவில் விளக்கேற்றிவிடுவார்கள். அப்பா சொன்னது காதில் கேட்டது. உங்கம்மா பக்கத்துல. இன்னொன்றும் கேட்டது, பாதியில் நின்ற அந்தக் குரல். காலையிலிருந்து அவள் போட்ட கணக்கில் அது சேரவே இல்லை.

"இங்க வண்டியைத் திருப்ப முடியுமா?" என்று டிரக்காரரைக் கேட்டாள்.

அவர் பள்ளத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "நான் சைகை காட்டுறேன். என்னை மட்டும் பாரு. பள்ளத்தைப் பாக்காத."

ஏழு தடவை முன்னும் பின்னும் போனாள். நான்காவது தடவை பின்சக்கரம் விளிம்பில் கல்லைத் தள்ளியது. அது கீழே விழுந்த சத்தம் வரவில்லை.

இந்த முறை வாசலில் வேன் நின்றது. குரல் மறுபடி எழுந்தது. முழுதாக எழுந்தது. மாகெரே அத்தை பதில் குரல் கொடுத்தாள். நடுவில் உடைந்தது. விடாமல் முடித்தாள். ஆறு பேர் பெட்டியைத் தூக்க, ரிபெகா பின்னால் நடந்தாள்.

மறுநாள் காலை, அவள் பயந்தது நடந்தது.

தேநீர் முடிந்து எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், முற்றத்தில் மூன்று பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். முதலாமவர் மென்மையாகக் கேட்டார். இரண்டாமவர் கைத்தடியை மண்ணில் குத்திக் குத்திக் கேட்டார். மூன்றாமவர் பெட்டியைப் பார்த்தே பேசினார். "டேய் எருவேரா, கடல் காத்துல உன் எலும்பு உப்புப் பிடிச்சுப் போகும். உன்னை வளத்தவ காலடில இடம் இருக்கு. வா, படு. எத்தனை தடவைடா உன்னைக் கொண்டுபோவாங்க?" பெண்கள் விம்மினார்கள். கடலோரம் சார்பில் எழுந்து பதில் சொல்ல ஆள் இல்லை. வழக்கமாகப் பெட்டி பக்கத்திலிருந்தே வாயடிக்கும் அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு வாயில்ல, புள்ள" என்று முணுமுணுத்தாள். "நான் பேசக் கூடாது."

வராந்தாவில் பெட்டிக்கு ஒரு பக்கம் ரிபெகா. மறுபக்கம் ஹினெகுரா. பெட்டி திறந்திருந்தது. முற்றம் காத்திருந்தது.

ஹினெகுரா முன்னால் சாய்ந்தாள். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அவன் என்ன கேட்டான்?" என்றாள்.

"அம்மா பக்கத்துல."

"எங்களைப் பத்தி?"

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாம். யார் கண்டார்கள்? செத்தவர் மறுக்கப் போவதில்லை. அவர் உங்களை எப்போதும் நினைத்தார், உங்கள் பெயரைச் சொன்னார் என்று. அப்பாவின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"எதுவும் சொல்லல" என்றாள். "ஒரு தடவைகூட."

ஹினெகுராவின் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. ரிபெகா எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். பிறகு, ஏனென்று தெரியாமலே, தொடர்ந்தாள்.

"ஆனா பனிமூட்டம் விழுந்தா வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து விடுவார். குளிருதுன்னு அம்மா கத்துவாங்க. மூட மாட்டார். உள்ள வரட்டும்பார். எங்களுக்கு ஏன்னு தெரியாது."

ஹினெகுரா அசையாமல் இருந்தாள். அவள் கன்னத்தில் நீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"எங்கம்மா அப்படித்தான் செய்வா" என்றாள் மெல்ல. "உள்ள வரட்டும்னுதான் சொல்லுவா."

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். முற்றத்தை நோக்கித் தலையை உயர்த்தினாள்.

"போதும். அவன் போகட்டும்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "பொண்டாட்டிகிட்ட போறான். நம்மளை எடுத்துக்கிட்டுத்தான் அன்னைக்கும் போயிருக்கான். இப்ப சொல்லிட்டுப் போறான், அவ்வளவுதான்."

கைத்தடிக்காரர் முனகினார். "நான் இன்னும் ரெண்டு பாட்டு வெச்சிருந்தேன்."

"மாஹியாவுல பாடு. அங்க ஆளுங்களுக்குப் பாட்டு தெரியாது."

சிரிப்பு எழுந்தது. ஈரமான சிரிப்பு. அத்தை ரிபெகாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

பெட்டியை மூடினார்கள். வேனுக்குக் கொண்டுபோகும் முன், ஹினெகுரா கேட்டபடி, மேலே தோட்டத்துக்குத் தூக்கிப் போனார்கள். குளிர்காலம், கிழங்கு எடுத்து முடிந்து வெறும் கறுப்பு மண் மட்டும் இருந்தது. அங்கிருந்து கீழே சாலை முழுதும் தெரிந்தது. பெட்டியை வரப்பில் இறக்கினார்கள். ஹினெகுரா சாலையைப் பார்த்து நின்று, போய் வா என்று கூப்பிட்டு அனுப்பும் குரலை எழுப்பினாள். அவள் அம்மா கொடுக்க வேண்டியிருந்த குரல். மாகெரே அத்தை சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். எழுப்ப யாரும் போகவில்லை. கடைசியில் ஹினெகுராவே போய்க் கை கொடுத்தாள். இருவரும் நெற்றியோடு நெற்றி, மூக்கோடு மூக்கு வைத்து நின்றார்கள். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கும்வரை விடவில்லை.

ஒன்பது மணிக்கு வேனுக்குப் பின்னால் எட்டு வண்டிகள் வரிசை கட்டின. ரிபெகா சாவியைத் திருப்பினாள். முன்கதவு திறந்தது. ஹினெகுரா ரப்பர் பூட்ஸைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஏரிக்கு முன்னால ரெண்டு இடத்துல சாலை போயிருக்கு. நான் சொல்றேன், பாத்து ஓட்டு."

"சரி, அத்தை."

"அங்க போயும் நான் கேப்பேன், தெரியுமில்ல. கேக்காம விட்டா அவனுக்கு மரியாதை இல்ல."

ரிபெகா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஹினெகுரா முகத்தில் சிரிப்பில்லை. விளையாடுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

"கேளுங்க" என்றாள் ரிபெகா. "அங்க நான் பதில் சொல்லுவேன்."

பின்னாலிருந்து மாகெரே அத்தை பெட்டியைத் தட்டினாள். "கேட்டியாடா? உன் மகளுக்கு வாய் மொளச்சிடுச்சு."

வண்டி வாசலைத் தாண்டியது. முன்னே ஆற்றின்மேல் மூடுபனி எழுந்துகொண்டிருந்தது. ரிபெகா ஜன்னலை இறக்கினாள்.